மேகம் இறங்கும் மலையில் செடிக்கு எத்தனை விளக்கு?

கோத்தகிரியை அடுத்த ஊரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டின் பின்கட்டில் 12-க்கு 10 அடி அறை ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் ரேக் வைத்து லெட்டூஸும் நாற்றும் வளர்க்க ஆசை. வெளியே 12 சென்ட்டில், அதாவது சுமார் 500 சதுர மீட்டரில், ஒரு பாலிஹவுஸ் (பாலித்தீன் கூரை போட்ட குடில்), உள்ளே கிரிசாந்திமம். மேகம் இறங்கிவிட்டால் நாற்று வெளிறி நீண்டு சாய்கிறது, பூச்செடியும் திருப்தியாக இல்லை. விற்பனைக்கு வந்த ஒருவர் ஊதா நிற வெளிச்சம் தரும் '1000 வாட்' பேனலைக் காட்டி, அறைக்கு நாலு, பாலிஹவுஸுக்கு இருபது என்று விலை சொல்லியிருக்கிறார். அவ்வளவு வேண்டுமா, எத்தனை அடி உயரத்தில் தொங்கவிட வேண்டும் என்பது கேள்வி.

கேட்டது ஒன்று போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. அறைக்குள் விளக்குதான் சூரியன். முழுச் சாப்பாடும் அதுதான் போட வேண்டும். பாலிஹவுஸில் சூரியன் இருக்கிறது, சில மாதம் அரை வயிறு போடுகிறது. கிரிசாந்திமத்துக்கோ ராத்திரி போடும் விளக்கு சாப்பாடே கிடையாது, அது கடிகாரம். மூன்றுக்கும் ஒரே பேனலை விற்கப் பார்க்கிறார்கள் என்பதுதான் என் முதல் ஆட்சேபம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கோவையில் தோட்டக்கலை படித்தேன். இருபது வருஷத்துக்கு மேல் குன்னூர், கோத்தகிரி பக்கத்துப் பாலிஹவுஸ்களில் கார்னேஷன், கிரிசாந்திமம், லில்லியம் என்று பூவோடுதான் பிழைப்பு. கடைசி ஆறு வருஷமாக வீட்டில் ஒரு அறையில் லெட்டூஸும் குழித்தட்டு நாற்றும். ஐரோப்பாவில் போல விளக்கை நம்பியே தக்காளி எடுக்கும் பெரிய கண்ணாடிக் குடில்களில் நான் வேலை செய்ததில்லை. வயரிங் விஷயத்திலும் எலக்ட்ரீஷியன் சொல்வதைக் கேட்கிற ஆள்தான் நான். இந்த எல்லையை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் வாட்டை மறந்துவிடுங்கள். விளக்கு எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்பதுதான் வாட். இலைக்கு எவ்வளவு வெளிச்சம் போய்ச் சேர்ந்தது என்று அது சொல்லாது. அந்த '1000 வாட்' பேனலை பிளக்கில் மாட்டும் சின்ன மீட்டரில் சொருகிப் பாருங்கள். இந்த வகைப் பேனல்கள் பெரும்பாலும் 100, 150 வாட்டுக்கு மேல் இழுப்பதில்லை. பெட்டியில் அச்சடித்த ஆயிரம் ஏதோ பழைய விளக்குக்குச் சமம் என்ற கணக்கு. செடிக்கு வேண்டியது 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகிறது என்று அளப்பார்கள். டஜன் மாதிரி மோல் என்பதும் எண்ணும் அளவுதான், ரொம்பப் பெரியது; அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோமோல். அதைவிட முக்கியம், ஒரு நாள் முழுக்கச் சேர்த்து எத்தனை மோல் விழுந்தது என்பது. வாய்க்கால் தண்ணீர் மாதிரிதான். மடையில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது ஒரு கணக்கு, பொழுது சாயும்போது வயலில் எவ்வளவு நின்றது என்பது வேறு கணக்கு. பயிர் இரண்டாவதைத்தான் பார்க்கிறது. விநாடிக் கணக்கை மணி நேரத்தால் பெருக்கி, மறுபடி 0.0036-ஆல் பெருக்கினால் நாள் கணக்கு வந்துவிடும். 200 மைக்ரோமோல் வெளிச்சம் 16 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 11.5 மோல்.

நாற்றுக்கும் மைக்ரோகிரீன்ஸுக்கும் (முளைத்த சில நாளில் அறுக்கும் இளங்கீரை) நாளுக்கு 6 முதல் 12 மோல் போதும். லெட்டூஸ் 12 முதல் 17-க்குள் சந்தோஷமாக இருக்கும். தக்காளி, குடைமிளகாய் என்று காய்க்குப் போனால் 20-க்கு மேல் கேட்கும். அதனால்தான் அறைக்குள் தக்காளி வளர்க்கிறேன் என்பவர்களை நான் ஊக்கப்படுத்துவதில்லை. கரண்ட் பில்லில் வாங்கிய தக்காளி எந்தச் சந்தையிலும் அந்த விலைக்குப் போகாது.

மைக்ரோமோல் மீட்டர் விலை அதிகம், அது தேவையில்லை. ஒரு சாதாரண லக்ஸ் மீட்டர் வாங்குங்கள், ஒன்றிரண்டு ஆயிரத்துக்குள் கிடைக்கும். போன் ஆப்பும் ஒரே போனில் இங்கும் அங்கும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும், ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். வெயில் வெளிச்சமாக இருந்தால் லக்ஸை 54-ஆல் வகுத்தால் மைக்ரோமோல் வரும். வெள்ளை எல்.இ.டி.யாக இருந்தால் 70-ஆல் வகுக்கலாம்; பல்புக்குப் பல்பு கொஞ்சம் மாறும், ஆனால் நம் வேலைக்கு இது போதும். ஊதா விளக்குக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. லக்ஸ் மீட்டர் மனிதக் கண்ணுக்காகச் செய்தது, பச்சை வெளிச்சத்தைத்தான் அதிகமாக எண்ணும். ஊதாவுக்குக் கீழே வைத்தால் உள்ளதைவிட ரொம்பக் குறைத்துக் காட்டும்.

நம் மலையின் வெளிச்சத்துக்கு வருவோம். 1899-ல் கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் வைத்தவர்கள் மலை உயரத்தின் தெளிந்த வானத்தை நம்பித்தான் அங்கே வைத்தார்கள். ஜனவரி, பிப்ரவரியில் நீலகிரியிலும் அதே கதைதான். வெயில் கண்ணைக் கூசும். அந்த மாதங்களில் செடி வளரவில்லை என்றால் வெளிச்சத்தைக் குறை சொல்லாதீர்கள், குளிர்தான் காரணம். உறைபனி விழும் ராத்திரிக்கு எத்தனை விளக்கு போட்டாலும் இலை வேலை செய்யாது. பிரச்சினை மழைக் காலத்தில்தான். ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவம் மூடும். கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுக்கு அக்டோபர், நவம்பர் வடகிழக்கு மழைதான் கனமாக இருக்கும். உங்கள் ஊருக்கு இருண்ட மாதம் எது என்பதை நீங்களே குறித்துவையுங்கள். ஊட்டிக்காரர் சொன்ன மாதம் உங்களுக்குப் பொருந்தாது. என் நோட்டில் இருக்கும் அளவைச் சொல்கிறேன். மேகம் நின்றுபோன நாட்களில் பாலிஹவுஸுக்குள் பகல் பத்து மணி நேரத்தின் சராசரி 12,000 லக்ஸ் சுற்றித்தான். கணக்குப் போட்டால் நாளுக்கு 8 மோல். அதே இடத்தில் தெளிந்த ஜனவரி நாளில் 25-ஐத் தொடும்.

அந்த 8-ஐ 16 ஆக்க விளக்கு போடலாமா? 500 சதுர மீட்டருக்கு நாளுக்கு 8 மோல் கூட்ட வேண்டும் என்றால் மொத்தம் 4,000 மோல். இன்று கிடைக்கும் நல்ல எல்.இ.டி. ஒரு ஜூல் மின்சாரத்துக்கு 2.5 மைக்ரோமோல் தரும். சிதறியது போக 2.2 இலைக்கு வருகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 500 யூனிட் ஆகிறது. யூனிட்டை எட்டு ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு நாலாயிரம். பத்து மணி நேரத்தில் போட்டு முடிக்க 50 கிலோவாட் லோடு வேண்டும். நம் மலை லைனில் அதைக் கேட்டுப் பாருங்கள், ஏற இறங்கப் பார்ப்பார்கள். அந்த இருபது ஊதா பேனல் எல்லாம் சேர்ந்தும் மூணு கிலோவாட்தான் வரும். அதாவது விற்பவர் சொன்ன அளவு, வேண்டியதில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. விளக்கு எரியும், படம் பிடித்தால் அழகாக இருக்கும், செடிக்குத் தெரியவே தெரியாது.

இந்தக் காசில் நூறில் ஒரு பங்கைச் செலவழித்து பாலித்தீனைக் கழுவுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. புது ஷீட் வெளி வெளிச்சத்தில் 85 சதவீதத்துக்கு மேல் உள்ளே விடும். நம் ஈரத்தில் இரண்டே மழையில் வெளிப்பக்கம் பாசி பிடிக்கும், காற்றுத் திறப்புக்குக் கீழே கரும்பச்சையாகப் படலமே கட்டும். உள்பக்கம் காலையில் நீர்த்துளி முத்துமுத்தாக நின்று அதுவும் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். வெளியே ஒரு அளவு, உடனே உள்ளே செடி உச்சியில் ஒரு அளவு என்று எடுத்து வகுத்துப் பாருங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே வந்தால் ஷீட்டைப் பார்க்க வேண்டும். ஒரு வருஷம் மே மாதக் கடைசியில் நாங்கள் மென்மையான துடைப்பமும் சோப்புத் தண்ணீருமாக ஒரு குடிலை மட்டும் கழுவினோம், பக்கத்துக் குடிலை விட்டுவிட்டோம். ஜூலையில் எந்தக் குடில் எது என்று வாசலில் நின்றே சொல்ல முடிந்தது. மேலே கட்டிய ஷேட் நெட்டைக் கோடை முடிந்ததும் சுருட்ட மறப்பவர்களும் நிறைய உண்டு. நெட்டை விரித்து வைத்துக்கொண்டு விளக்கு விசாரிப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

பாலிஹவுஸுக்குள் வளர்ச்சிக்கு விளக்கு என்றால் நாற்று மேடைக்கு மட்டும் போடலாம். பத்து சதுர மீட்டர் மேடையில் ஆயிரக்கணக்கில் நாற்று நிற்கும், ஒரு நாற்றுக்கு விழும் செலவு பைசாக் கணக்கு. அங்கே அது நியாயம்.

இனி அறை. இதுதான் விளக்குக்கு உண்மையான இடம், இங்கே கொஞ்சம் நின்று பேசலாம். 4 அடி நீளம், 2 அடி அகலத் தட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முக்கால் சதுர மீட்டர். கடையில் கிடைக்கும் நாலடி எல்.இ.டி. பேட்டன், அதாவது குழாய் விளக்கு, 20 வாட்; பெட்டியில் 2,000 லூமென் என்று போட்டிருக்கும். விளக்கு தரும் மொத்த வெளிச்சம் லூமென், அது ஒரு சதுர மீட்டரில் விழும் அளவு லக்ஸ். அதை 70-ஆல் வகுத்தால் விநாடிக்கு 28 மைக்ரோமோல் சொச்சம். ஆறு பேட்டன் போட்டால் 171. ஐந்தில் ஒரு பங்கு பக்கவாட்டில் வீணாகும் என்று கழித்தால், தட்டில் சதுர மீட்டருக்கு 180 சுற்றி நிற்கும். 16 மணி நேரம் எரித்தால் நாளுக்கு பத்தரை மோல். நாற்றுக்கு இது தாராளம். லெட்டூஸுக்குக் கொஞ்சம் கீழே, ஆனால் நம் குளிரில் நிதானமாக, கெட்டியாக வரும். நாற்றுக்கு மட்டும் என்றால் நாலு பேட்டனே போதும். ஆறு பேட்டனுக்கு நாளுக்கு 2 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இதே வெளிச்சத்தை, ஜூலுக்கு 2.7 மைக்ரோமோல் தரும் நல்ல செடிவிளக்குப் பட்டையில் எடுத்தால் 120 வாட்டுக்குப் பதில் 63 வாட். வருஷத்துக்கு ஒரு தட்டுக்கு 330 யூனிட் மிச்சம். விலை வித்தியாசத்தை அந்த 330-ஓடு வைத்துப் பாருங்கள். இரண்டு வருஷத்துக்குள் ஈடாகிறது என்றால் பட்டையை வாங்குங்கள், இல்லாவிட்டால் பேட்டன். நான் ஆரம்பித்தது பேட்டனில்தான், பாதித் தட்டுக்கு இன்றும் அதுதான். வாங்கும்போது பெட்டியில் ஜூலுக்கு எத்தனை மைக்ரோமோல் என்று போடாத செடிவிளக்கை நான் தொடுவதில்லை.

உயரம் எத்தனை என்று கேட்டீர்கள். பேட்டனோ பட்டையோ, இலை உச்சியிலிருந்து 8 முதல் 12 அங்குலம். ஒரே இடத்தில் செறிந்து அடிக்கும் சதுரப் பேனல் என்றால் ஒன்றரை அடிக்குக் குறையாமல். ஆனால் உயரத்தைவிடப் பரவல் முக்கியம். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசி ஆகும் என்ற பள்ளிக்கூட விதியைப் பலர் எடுத்து வருவார்கள். அது ஒற்றை பல்புக்கு. தட்டு முழுக்க வரிசையாக நாலடிக் குழாய் பரப்பி, சுற்றிலும் வெள்ளை மறைப்பும் வைத்துவிட்டால் அந்த விதி அப்படி ஓடாது; நாலு அங்குலம் ஏற்றினால் கொஞ்சம்தான் குறையும், பதிலுக்கு ஓரமும் நடுவும் சமமாகும்.

நான் செய்வது இது. தட்டைக் காலியாக வைத்து, இலை உச்சி வரும் உயரத்தில் மீட்டரைப் பிடித்து ஒன்பது இடத்தில் அளப்பேன்: நாலு மூலை, நாலு பக்க நடு, மையம். முதல் தடவை ஆறு குழாயையும் சம இடைவெளியில் மாட்டியிருந்தேன். மையத்தில் 17,000 லக்ஸ், மூலையில் 7,000. அந்தத் தட்டில் நடு லெட்டூஸ் கைக்குள் அடங்காமல் வர, மூலையில் இருந்தவை வெளிச்சத்தைத் தேடி உள்பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றன. பிறகு ஓரத்து இரண்டிரண்டு குழாயை நெருக்கி வெளிப்பக்கம் தள்ளினேன், நடுவில் இடம் விட்டேன், உயரத்தை இரண்டு அங்குலம் கூட்டினேன், மூன்று பக்கமும் வெள்ளை ஃபிளெக்ஸ் தொங்கவிட்டேன். மையம் 13,500-க்கு இறங்கியது, மூலை 10,500-க்கு ஏறியது. ஒரு வாட் கூடவில்லை. விற்பனைக்கு எடுக்கக்கூடிய செடி தட்டுக்கு ஏழெட்டு கூடியது. சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பே போதும், நன்றாகத் திருப்பும். பளபள ஃபாயில் ஒட்டினால் கசங்கிய இடத்தில் புள்ளிபுள்ளியாக வெளிச்சம் குவியும், எனக்குப் பிடிப்பதில்லை. ஜன்னல் இருந்தால் இன்னொன்று: நம் அட்சரேகை 11 டிகிரி சொச்சம். ஏப்ரல் மூன்றாவது வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை உச்சிவெயில் வடக்கே நிற்கும், மீதி மாதம் தெற்கே. தெற்கு ஜன்னலை நம்பி ரேக்கைப் போட்டால் ஜூனில் ஏமாந்துபோவீர்கள்.

ஊதாவா வெள்ளையா என்றால் வெள்ளை, யோசிக்க வேண்டாம். இலைச் சாயத்தைப் பிரித்தெடுத்து அளந்தால் சிவப்பையும் நீலத்தையும்தான் அதிகம் பிடிக்கிறது, பச்சையை விட்டுவிடுகிறது. அந்த வரைபடத்தை வைத்துத்தான் ஊதா விளக்கு வந்தது. ஆனால் முழு இலை வேறு மாதிரி. 1972-ல் மெக்ரீ என்பவர் 22 வகைப் பயிர்களின் உயிருள்ள இலைகளில் நிறம் நிறமாக அளந்து, பச்சை வெளிச்சமும் நன்றாகவே வேலைக்கு ஆகிறது என்று காட்டிவிட்டார். பச்சை இலைக்குள் ஆழமாக இறங்கும், கீழ் அடுக்குக்கும் கிடைக்கும். வெள்ளை எல்.இ.டி. என்பதே நீல சில்லு மேல் பூச்சு பூசியதுதான், ஆக நீலமும் உண்டு. பெட்டியில் வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண் 4,000 சுற்றி எடுத்தால் நாற்றுக்கும் கீரைக்கும் குறை வராது. ஊதாவில் நடைமுறைத் தொல்லை இன்னொன்று: இலை கறுப்பாகத் தெரியும். அஸ்வினி, சாம்பல் பூஞ்சை, மஞ்சளிப்பு எதுவும் கண்ணுக்குப் படாது. நோயைப் பார்க்க முடியாத வெளிச்சத்தில் பயிர் செய்யக் கூடாது என்பது என் கட்சி.

இதில் உறுதியானது எது, இன்னும் பேச்சில் இருப்பது எது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். நீலம் ரொம்பக் குறைந்தால் செடி நெட்டையாகும், நெருக்கமாக வைத்தால் பக்கத்து இலையிலிருந்து வரும் தொலைச்சிவப்பும் (சிவப்புக்கு அடுத்து, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத வெளிச்சம்) நெட்டையாக்கும், இது உறுதி. நாள் மொத்த வெளிச்சம் கூடினால் ஒரு எல்லை வரை எடை கூடும், இதுவும் உறுதி. 730 நானோமீட்டர் தொலைச்சிவப்பைச் சேர்த்தால் லெட்டூஸ் இலை விரிந்து எடை கூடுகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அது ரகத்தையும் அளவையும் பொறுத்தது. வீட்டு ரேக்கில் நான் இரண்டு தடவை போட்டுப் பார்த்ததில் தண்டு நீண்டதைத்தான் கண்டேன், லாபத்தைக் காணவில்லை. 'வளர்ச்சிக்கு ஒரு நிறம், பூவுக்கு ஒரு நிறம்' என்று சுவிட்ச் வைத்து விற்பதை நான் காசு கொடுத்து வாங்க மாட்டேன்.

டைமர் எப்போது எரிய வேண்டும்? சமவெளிக்காரர்கள் இதை யோசிக்க வேண்டியதில்லை, நமக்கு உண்டு. இரண்டு ரேக், மூன்று அடுக்கு, அடுக்குக்கு 120 வாட் என்றால் 720 வாட். அந்த மின்சாரம் முழுக்கக் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் முடியும். அதனால் குளிர்காலத்தில் மாலை ஆறுக்குப் போட்டுக் காலை பத்துக்கு அணையுங்கள். விடியற்காலை வெளியே புல்லில் பனி வெள்ளையாகக் கிடக்கும்போது உள்ளே சின்ன ஹீட்டர் எரிந்த மாதிரி இருக்கும். ஈரத்தையும் மறக்காதீர்கள்: செடிக்கு ஊற்றும் தண்ணீரில் பெரும்பகுதி இலை வழியே ஆவியாகி அறைக்குள்ளேதான் நிற்கும். மேகம் இறங்கும் மாதத்தில் அது வெளியே போக வழியில்லாவிட்டால் சாம்பல் பூஞ்சை வந்துவிடும். ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும், இலை லேசாக ஆடும் அளவுக்கு ஒரு மேசை ஃபேனும் விளக்கோடு சேர்ந்த செலவு. லெட்டூஸில் உள்பக்க இளம் இலை நுனி கருகினால் பலர் விளக்குச் சூடு என்று உயர்த்திக் கட்டுவார்கள். எல்.இ.டி.யில் பெரும்பாலும் அது சூடு கிடையாது. வெளிச்சம் அதிகமாகி வேகமாக வளரும்போது, காற்றோட்டம் இல்லாத உள்இலைக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததுதான். ஃபேனைத் திருப்பிவிட்டு, எரியும் நேரத்தை ஒன்றிரண்டு மணி குறைத்துப் பாருங்கள்.

கிரிசாந்திமத்துக்கு வருகிறேன். இது குறும்பகல் செடி. பகல் நீளம் செடியின் பூப்பை ஆள்கிறது என்பது 1920-ல் கார்னர், அல்லார்ட் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இருவரும் எழுதியதிலிருந்து தெரிந்த விஷயம். பகல் சுமார் பதிமூன்றரை மணிக்குக் கீழே இருந்தால் மொட்டு கட்ட ஆரம்பிக்கும். நமக்கு வருஷத்தின் நீளமான பகலே பன்னிரண்டே முக்கால் மணிதான். ஆக நம் மலையில் அதை நட்ட நாளிலிருந்தே பூக்கச் சொல்கிறது வானம். உங்கள் செடி ஒன்றரைச் சாண் ஏறுவதற்குள் மொட்டு வைத்து, சந்தைக்கு ஆகாத குட்டைத் தண்டோடு நின்றால் வெளிச்சக் குறைவைத் தேடாதீர்கள். நடுராத்திரி இருட்டை உடையுங்கள். இரவு பத்திலிருந்து இரண்டு வரை, இலை உச்சியில் 80, 100 லக்ஸ் போதும். 9 வாட் வார்ம் ஒயிட் பல்பை எட்டடிக்கு ஒன்றாக, செடிக்கு ஐந்தாறு அடி மேலே கட்டினால் அது கிடைக்கும். மொட்டைத் தடுப்பதில் சிவப்புக்குத்தான் வேலை, அதனால் கூல் ஒயிட்டைவிட வார்ம் நல்லது. 500 சதுர மீட்டருக்கு 84 பல்பு, நாலு மணி நேரம், ராத்திரிக்கு 3 யூனிட். முன்னே சொன்ன 500 யூனிட்டை இதோடு வைத்துப் பாருங்கள். தண்டு வேண்டிய உயரம் வந்ததும் விளக்கை நிறுத்துங்கள். ரகத்தைப் பொறுத்து 7 முதல் 12 வாரத்தில் பூ. மே, ஜூனில் அந்தி வெளிச்சமும் சேர்ந்துகொள்வதால் சில ரகம் தயங்கும். அப்போது மாலை ஐந்தரைக்குக் கறுப்பு பாலித்தீன் மூடித்தான் எடுக்க வேண்டிவரும்.

இருட்டு என்றால் நிஜமான இருட்டு வேண்டும். ஒரு வருஷம் விளக்கை நிறுத்தி ஐந்து வாரம் ஆகியும் ரோட்டோரத்து இரண்டு பாத்தி மட்டும் மொட்டு வைக்காமல் கீரை மாதிரி ஏறிக்கொண்டே போனது. உரத்தை மாற்றினேன், தண்ணீரைக் குறைத்தேன், நாற்று கலப்படம் என்று கொடுத்தவரைத் திட்டக்கூடச் செய்தேன். பூப்பறிக்க வரும் அக்கா ஒருவர் ஒருநாள் சும்மா சொன்னார்: "தம்பி, இந்த மூலையில ராத்திரி நிலா காயற மாதிரி வெளிச்சம் இருக்குதே, நான் போகையில செருப்புகூடத் தேடாம எடுத்துட்டேன்." போய்ப் பார்த்தால் வளைவில் புதுசாக எல்.இ.டி. தெருவிளக்கு. மீட்டரில் அந்தப் பாத்தியில் 20 லக்ஸுக்கு மேல். அந்தப் பக்கம் கறுப்பு ஷீட் கட்டினோம், மொட்டு வந்தது. சந்தை போன பிறகு வந்தது. நாற்றுக்காரரிடம் போய் மன்னிப்பும் கேட்டேன்.

அறையில் ஸ்ட்ராபெரியும் வைக்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். ஸ்வீட் சார்லி, கமரோசா இரண்டும் குறும்பகல் ரகம்தான். லெட்டூஸோடு 16 மணி நேர விளக்கில் வைத்தால் பழத்துக்குப் பதில் ஓடுகொடி விட்டுக்கொண்டிருக்கும். தாய்ச்செடி பெருக்க வேண்டுமானால் நல்லது, பழத்துக்கு வெளியே குடிலில் வையுங்கள். கொத்தமல்லியும் நீள்பகலில் சீக்கிரம் பூத்தண்டு விடும். அதற்கு 12 மணி நேரத்தில் நிறுத்தும் தனி டைமர் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தில் நான் விட்டுக்கொடுக்காதது மூன்று. 30 மில்லியாம்பியர் கசிவுக்கே விழும் பிரேக்கர், ஒழுங்கான எர்த், பாலிஹவுஸுக்குள் நீர் புகாத ஐ.பி. 65 ஹோல்டரும் பல்பும். வயர் சுவிட்சுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு தொங்கவிட்டால் வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். அக்டோபர் இடிக்கு ஒரு சர்ஜ் புரொடெக்டர் போட்டால் எல்.இ.டி.க்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட்டுகள் பிழைக்கும். ராத்திரி விளக்குக்கு அந்துப்பூச்சி வரும். பக்க வலையில் ஓட்டை இருக்கிறதா என்று பல்பு கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பேனலுக்கு அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். லக்ஸ் மீட்டர் வாங்கி, மேகம் நின்ற ஒரு நாள் காலை ஒன்பது, மதியம் பன்னிரண்டு, மாலை மூன்று மணிக்குப் பாலிஹவுஸுக்கு வெளியிலும் உள்ளேயும் அளந்து எழுதுங்கள். ரேக் வந்ததும் ஒரு தட்டின் ஒன்பது இடத்து எண்களையும் சேர்த்துப் போடுங்கள். எந்தக் குழாயை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று பார்த்துச் சொல்கிறேன்.